விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் என்னதான் செய்கிறார்கள்?

சுனிதா வில்லியம்ஸ் எட்டு நாளைக்கென்று போய் ஒன்பது மாதம் கழித்துத் திரும்பினாரே, அத்தனை நாளும் அங்கே என்னதான் செய்வார்கள், மிதந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பூமியை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை, போர் அடிக்காதா என்பது கேள்வி. வேடிக்கை பார்க்கத்தான் நேரம் கிடைப்பதில்லை என்பது பதில். அங்கே வழக்கமாக ஏழு பேர் இருப்பார்கள். அவர்கள் நாளில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போகும், அதற்குக் கொஞ்சமும் குறையாத இன்னொரு பங்கு அந்த வீட்டையும் தங்கள் உடம்பையும் கெடாமல் பார்த்துக்கொள்வதற்கே போய்விடும். பூமியில் ஈர்ப்பு விசை சம்பளம் வாங்காமல் நமக்குச் செய்துதரும் வேலைகள் ஏராளம். அங்கே அவற்றையெல்லாம் ஒரு ஃபேனோ, ஒரு பட்டையோ, ஒரு பம்போ செய்தாக வேண்டும், அந்த பம்ப் மக்கர் பண்ணினால் ஒருவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். உட்காரவும் முடியாது, காலை ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி மிதக்க வேண்டும்.

பம்ப் என்று சும்மா சொல்லவில்லை. 2024 ஜூன் 5 அன்று சுனிதாவும் சக வீரர் பட்ச் வில்மோரும் ஸ்டார்லைனர் விண்கலத்தில் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பம்ப் படுத்துவிட்டது. மாற்று பம்பை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது, விண்கலத்தில் எடைக் கணக்கு கறார். கடைசியில் இவர்கள் இருவருடைய துணிமணி, சோப்பு, சீப்பு இருந்த பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு அந்த இடத்தில் பம்பை ஏற்றினார்கள். எட்டு நாள்தானே, நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிற உபரித் துணிகளை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அது 286 நாளாக நீண்டது வேறு கதை. ஆனால் விண்வெளி வீரரின் சொந்தப் பெட்டிக்கும் மூத்திரப் பம்புக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும் என்று தெரிந்துகொண்டால் அங்கே வாழ்க்கை எப்படி என்பது பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான், அங்கே ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. ஆனால் நிலையம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுகிறது. விழுகிற வேகத்துக்குச் சரியாகப் பூமியும் வளைந்து விலகுவதால் தரையைத் தொடுவதே இல்லை. உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுவதால் மிதக்கிறார்கள், அவ்வளவுதான். 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஒரு நாளைக்கு 16 சூர்யோதயம். சூரியனைப் பார்த்து நாள் கணக்கு வைக்க முடியாது என்பதால் கிரீன்விச் நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஆறு மணிக்கு எழுப்பிவிடுவார்கள், இரவு ஒன்பதரை மணிக்குப் படுக்கை.

படுக்கை என்றால் டெலிபோன் பூத் அளவில் ஒரு பெட்டி அறை. சுவரில் கட்டிய உறைக்குள் நுழைந்து ஜிப்பைப் போட்டுக்கொண்டால் தூக்கம். தலைமாடு எது கால்மாடு எது என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த அறையில் காற்றோட்டம் நின்றால் ஆபத்து. இங்கே நாம் விடும் மூச்சு சூடாக இருப்பதால் தானாக மேலே எழும்பிப் போய்விடுகிறது, அங்கே மேல் என்ற ஒன்றே இல்லை. விட்ட மூச்சு முகத்துக்கு முன்னாலேயே தங்கிவிடும், அதையே திரும்ப இழுத்து, கார்பன் டை ஆக்சைடு ஏறித் தலைவலியோடு எழுந்திருக்க வேண்டிவரும். அதனால் நிலையம் முழுக்க இரவும் பகலும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த இரைச்சல் நிற்பதே இல்லை. பலர் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்கள்.

இந்தக் காற்றோட்டத்தால் ஒரு வேடிக்கையான நன்மையும் உண்டு. அங்கே எதையும் கீழே வைக்க முடியாது. பேனா, ஸ்க்ரூ, பாதி பிரித்த பிஸ்கட் பாக்கெட் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். அதற்காகத்தான் சுவர், கால்சட்டை என்று பார்த்த இடமெல்லாம் வெல்க்ரோ. தொலைந்த பொருளைத் தேடி ஓட மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துக் காற்றை உள்ளிழுக்கும் வடிகட்டிகளின் வாயில் போய்ப் பார்ப்பார்கள், ஸ்க்ரூ அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். தூசும் தலைமுடியும் செத்த தோலும் கூட தரையில் படியாமல் அங்கேதான் வந்து சேரும். சனிக்கிழமை ஏழு பேரும் வாக்குவம் கிளீனரோடு இறங்கி அந்த வடிகட்டிகளைத்தான் முதலில் சுத்தம் செய்வார்கள். ஆம், அங்கேயும் வாராந்திர வீடு கழுவல் உண்டு, கழுவத் தண்ணீர்தான் கிடையாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு லிட்டரையும் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிக் கட்டுப்படியாகாது. எனவே வியர்வை, மூச்சுக் காற்றின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். இன்றைய காபிதான் நாளைய காபி என்பது அங்கே பழைய ஜோக். அருவருப்பாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் நம்மில் பலர் வீட்டுக் குழாயில் வருவதைவிடச் சுத்தம். சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் அந்த இயந்திரம் 2008-ல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அடைத்துக்கொண்டது, பிரித்துப் பார்த்தால் உள்ளே கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். எங்கிருந்து வந்தது? வீரர்களின் எலும்பிலிருந்து. எடை தாங்கும் வேலை இல்லாததால் எலும்பு கரைகிறது, கரைந்த கால்சியம் சிறுநீரில் வருகிறது. சிறுநீர் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது கூடி ஜிப்சமாகப் படிந்துவிட்டது. தரையில் நடந்த சோதனைகளில் பூமியில் இருப்பவர்களின் சிறுநீர்தானே ஓடியது, அதில் இவ்வளவு கால்சியம் ஏது! கொஞ்ச காலம் குறைவாகவே வடித்துச் சமாளித்தார்கள், அப்புறம் கந்தக அமிலத்துக்குப் பதிலாக பாஸ்பாரிக் அமிலத்தைப் போட்டுப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். வடித்து மிஞ்சும் கசடிலிருந்தும் ஈரத்தை எடுக்கும் ஒரு கருவி 2021-ல் சேர்ந்தது. 2023-ல் அமெரிக்கப் பகுதியில் 98 சதவீதத் தண்ணீரைத் திரும்ப எடுக்க முடிந்தது. நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்த இயந்திரம் எது என்று கேட்டால் தொலைநோக்கியையோ ரோபோ கையையோ சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஆக்சிஜனும் அந்தத் தண்ணீரிலிருந்துதான். மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜனை மூச்சுக்கு விடுகிறார்கள்.

கழிப்பறை பற்றிக் கேட்காதவர் கிடையாது, அதனால் சொல்லிவிடுகிறேன். புனல் வைத்த குழாய் ஒன்று, சின்ன இருக்கை ஒன்று, இரண்டிலும் காற்று உறிஞ்சும். மலம் பையில் கட்டி டப்பாவில் அடைத்து, மற்ற குப்பைகளோடு சரக்குக் கலத்தில் ஏற்றப்படும், அந்தக் கலம் திரும்பும்போது வளிமண்டலத்தில் எரிந்துபோகும். உடுத்திய துணிக்கும் அதே கதிதான், துவைக்க வழியில்லை. ஒரு சட்டையைப் பல நாள் போட்டு, தாங்க முடியாமல் போனதும் குப்பையில் சேர்ப்பார்கள். குளியல் என்பது ஈரத் துண்டால் துடைத்துக்கொள்வது, தலைக்கு அலச வேண்டாத ஷாம்பூ.

சாப்பாடு கேள்விப்பட்ட அளவுக்கு மோசமில்லை. பெரும்பாலும் உலர்த்திய உணவில் வெந்நீர் ஊற்றிக் கலப்பது, இல்லையென்றால் பையோடு சூடாக்குவது. பிரட் கிடையாது, அதன் தூள் மிதந்துபோய் கண்ணிலும் கருவியிலும் விழும். 1985-ல் மெக்சிகோ வீரர் ரொடோல்ஃபோ நேரி வேலா தன் ஊர் டார்ட்டியாவைக் கொண்டுபோனார், அன்றிலிருந்து சப்பாத்தி மாதிரியான அதுதான் எல்லாருக்கும். உப்பு தண்ணீரில் கரைத்து வரும், மிளகுத்தூள் எண்ணெயில். உடம்பின் நீரெல்லாம் தலைப்பக்கம் ஏறி ஜலதோஷம் பிடித்தது போல மூக்கு அடைத்துக்கொள்வதால் ருசி மந்தமாகிறது, அதனால் காரசாரமான சாஸுக்கு ஏக கிராக்கி. 2025-ல் ஆக்சியம்-4 என்ற தனியார் பயணத்தில் போன இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு கொண்டுபோய் மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டார். சுனிதா முதல் பயணத்தில் கொண்டுபோனது சமோசா.

உடம்பு சமாச்சாரம் அல்வாவைவிட முக்கியம். போன முதல் சில நாள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி. முகம் உப்பும், கால் ஒல்லியாகும், முதுகெலும்பு நீண்டு உயரம் கொஞ்சம் கூடும். சிலருக்குக் கண் பார்வையே மாறிவிடுகிறது. உடற்பயிற்சி இல்லாமல் விட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை குறையும். அதனால் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் பயிற்சி, இது விருப்பப்பட்டால் செய்வது அல்ல, கால அட்டவணையில் போட்ட வேலை. டிரெட்மில்லில் ஓட வேண்டுமானால் தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டி, இழுவிசைக் கயிறுகளால் உடம்பைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும், அந்தப் பட்டை அழுத்தும் இடமெல்லாம் வலிக்கும். டிரெட்மில்லையும் சும்மா திருகி வைக்க முடியாது. ஒருவர் ஓடும் அதிர்வு நிலையம் முழுக்கப் பரவிப் பரிசோதனைகளைக் கெடுக்கும், எனவே அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பில் மாட்டியிருக்கிறார்கள். சுனிதா 2007 ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தானை அங்கேயே இப்படிக் கட்டப்பட்ட நிலையில் ஓடினார், 4 மணி 24 நிமிடம்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் அதிகம் சொல்வதில்லை. நடப்பதே இல்லாததால் சில வாரங்களில் உள்ளங்கால் தோல் மெத்தென்று ஆகி, பழைய காய்ப்பெல்லாம் உரிந்து விழ ஆரம்பிக்கும், அந்த நாட்களில் சாக்ஸைக் கழற்றும்போது மெதுவாகக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் உரிந்த தோல் அறையெங்கும் மிதக்கும். அதே சமயம் பாதத்தின் மேல்பக்கம் காய்த்துவிடும், ஏனென்றால் நாள் முழுக்கக் காலைக் கம்பிக்கு அடியில் கொடுத்துத்தான் ஓரிடத்தில் நிற்கிறார்கள்.

சரி, ஆராய்ச்சி. காலையில் ஹூஸ்டன், ஹன்ட்ஸ்வில், மியூனிக், சுகுபா, மாஸ்கோ கட்டுப்பாட்டு மையங்களோடு ஒரு கூட்டம், மாலையில் இன்னொன்று. நடுவில் இருக்கும் நேரம் முழுக்கத் திரையில் கட்டம் கட்டமாக இருக்கும், அதன் மீது ஒரு சிவப்புக் கோடு நகர்ந்துகொண்டே போகும், இப்போது மணி என்ன என்று காட்ட. கோடு உங்கள் வேலையைத் தாண்டிவிட்டால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு டூல் மிதந்துபோய்த் தேடினால் போதும், பின்தங்கிவிடலாம். புரதப் படிகம் வளர்ப்பது, தீ எப்படி எரிகிறது என்று பார்ப்பது, செடி வளர்ப்பது என்று பரிசோதனைகள் எக்கச்சக்கம். 2015 ஆகஸ்டில் அங்கேயே விளைந்த சிவப்பு லெட்யூஸைப் பறித்துச் சாப்பிட்டார்கள். சுக்லா பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்தார், தசைச் செல்களையும் நுண்பாசிகளையும் வைத்தும் சோதனை செய்தார்.

ஆனால் பெரும்பாலும் பரிசோதனை எலி வீரரேதான். ரத்தம் எடுப்பது, எச்சில் எடுப்பது, தனக்குத்தானே அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொள்வது எல்லாம் வாடிக்கை. அப்படி ஒரு ரத்த ஓட்ட ஆய்வுக்காகக் கழுத்தில் ஸ்கேன் வைத்தபோது, போய் இரண்டு மாதமே ஆன ஒருவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. அவருக்கு எந்த வலியும் இல்லை. பெயர் வெளியிடப்படவில்லை, 2020-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்து நிலையத்தில் குறைவாகத்தான் இருந்தது, தரையில் இருந்த மருத்துவர்கள் அளவு பார்த்துப் போடச் சொல்லி, அடுத்த சரக்குக் கலத்தில் மாத்திரை அனுப்பி, அவரைப் பயணத்தை முடிக்கவைத்தார்கள். அந்த ஆய்வு மட்டும் அட்டவணையில் இல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வெளியே போய்ச் செய்யும் வேலைதான் இருப்பதிலேயே கடினம். விண்வெளி நடை என்று அழகாகச் சொல்கிறோம், உண்மையில் அது ஆறு ஏழு மணி நேரம் கையால் செய்யும் கூலி வேலை. உடைக்குள் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி வராமல் இருக்க முன்கூட்டியே சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்துத் தயாராக வேண்டும். காற்று நிரம்பிய கையுறை ஒவ்வொரு முறை மடக்கும்போதும் எதிர்த்துத் தள்ளும், திரும்பி வரும்போது முன்கை கழன்றுபோயிருக்கும்.

2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூக்கா பர்மிட்டானோ வெளியே போய் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், பின்தலையில் ஈரமாக இருக்கிறது என்றார். குடிநீர்ப் பை கசிகிறதோ என்று முதலில் நினைத்தார்கள், ஒரு வாரம் முன்னால் நடந்த நடையிலும் ஹெல்மெட்டில் தண்ணீர் இருந்து, அப்போதும் பையின் மீதுதான் பழி போட்டிருந்தார்கள். ஆனால் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. அங்கே தண்ணீர் கீழே வடியாது, தோலில் ஒட்டிக்கொண்டு தவழும். காதை மூடியது, கண்ணுக்கு வந்தது, மூக்கையும் மூடியது. உள்ளே திரும்பச் சொன்ன நேரத்தில் நிலையம் இருட்டுப் பக்கம் போய்விட்டது, தண்ணீர் வழியாக எதுவும் தெரியவில்லை, பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. தன் இடுப்பில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கம்பியின் இழுவையை வைத்து, கையால் தடவித் தடவி வாசலைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர். குளிர்விக்கும் அமைப்பில் தண்ணீரையும் காற்றையும் பிரிக்கும் பாகத்தின் துளைகள் அடைத்துக்கொண்டதுதான் காரணம். அதற்கப்புறம் ஹெல்மெட்டில் ஒரு உறிஞ்சும் பஞ்சையும் வாயருகே ஒரு மூச்சுக்குழாயையும் வைத்தார்கள். பஞ்சும் குழாயும்தான், பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. பர்மிட்டானோ 2019-ல் மறுபடி போனார். பழுது பார்க்கும்படி வடிவமைக்கப்படாத காஸ்மிக் கதிர் ஆய்வுக் கருவியின் குளிர்விப்புக் குழாய்களை வெட்டி ஒட்டும் வேலைக்காக ஆண்ட்ரூ மோர்கனோடு நான்கு முறை அதே மாதிரி உடையில் வெளியே போனார். எனக்கு அந்தத் தைரியம் வராது.

போர் அடிக்காதா என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு நேரத்தில் 2010-ல் மாட்டிய ஏழு ஜன்னல் கூண்டில்தான் எல்லாரும் கிடப்பார்கள், படமெடுத்துக்கொண்டு. வீட்டுக்குப் போன் பேசலாம், வீடியோ அழைப்பும் உண்டு. 2015 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டன் வீரர் டிம் பீக் வீட்டுக்குப் போட்ட போன் தப்பான நம்பருக்குப் போய், யாரோ ஒரு பெண்மணியிடம் ‘இது பூமிதானே?’ என்று கேட்டுவிட்டு அப்புறம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வீட்டில் துக்கம் நடந்தாலும் வர முடியாது என்பதுதான் உண்மையான கஷ்டம். அதற்கு எந்த இயந்திரமும் கிடையாது.

சுனிதா கதையை முடித்துவிடுகிறேன். அவர் அங்கே மாட்டிக்கொண்டார் என்று பலரும் சொன்னார்கள், அந்தச் சொல்லே எனக்குச் சரியாகப் படவில்லை. கோளாறு காட்டிய ஸ்டார்லைனர் 2024 செப்டம்பரில் ஆளில்லாமல் திரும்பியது, அந்த மாதக் கடைசியில் இரண்டு காலி இருக்கையோடு டிராகன் கலம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவசரம் என்றால் இறங்கிவிட வண்டி தயாராக இருந்தது, மற்றவர்களோடு சேர்த்து முறைப்படி அனுப்பலாம் என்று தீர்மானித்து வைத்திருந்தார்கள். அதற்குள் அவர் நிலையத்தின் கமாண்டர் ஆகியிருந்தார். 2025 ஜனவரியில் இரண்டு முறை வெளியே போனார், மொத்தம் 62 மணி 6 நிமிடம் என்று பெண்களில் அதிக நேரம் விண்வெளி நடை செய்தவர் ஆனார். மார்ச் 18-ல் கடலில் இறங்கினார், நமக்கு அப்போது 19-ஆம் தேதி விடிகாலை.

இறங்கியதும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து உடம்பு சரியில்லையோ என்று பலர் பயந்தார்கள். அது வழக்கம்தான், நீண்ட நாள் இருந்து வருபவர்கள் எல்லாரையும் அப்படித்தான் எடுப்பார்கள், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஈர்ப்பை மறந்திருக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். உதடும் நாக்கும் கூட கனமாக இருந்ததாகவும், பேசும் விதத்தையே மாற்ற வேண்டியிருந்ததாகவும் கனடா வீரர் கிரிஸ் ஹாட்ஃபீல்ட் சொல்லியிருக்கிறார். 45 நாள் மறுவாழ்வுப் பயிற்சி, தினமும் இரண்டு மணி நேரம். தசை சீக்கிரம் திரும்பிவிடுகிறது. எலும்புதான் இழுத்தடிக்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தும் சிலருக்குக் காலெலும்பு பழைய பலத்துக்கு வந்திருக்கவில்லை.